படிக்காமலே எரித்த புத்தகம்



இவ்வலைப்பூவில் இதுவரை வலிமிகும் இடங்களையும் மரபுத்தொடர்ப் பயிற்சிகளையும் மட்டுமே இட்டு வந்துள்ளேன். இன்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைப் பேச வேண்டியுள்ளது. சிலருக்குச் சினம் வரலாம். வரட்டும். முழுவதும் படித்துவிட்டுச் சினம் கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். இப்பதிவின் சாரமும் ஏறத்தாழ அதுதான்!

அண்மையில் எங்கள் ரெங்கம் வட்டாரத்தில் பெற்றோர்க்கான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கைப்பேசித் தீமை, போதைப்பொருள் என்று தொடங்கிய உரை, பாதியில் ஜப்பானியப் படக்கதைகள் பக்கம் திரும்பிற்று. மங்கா என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்களே, அவைதாம். "அதுல பொண்ணும் பொண்ணும் காதலிக்குது. அதைப் படிச்சா உங்க வீட்டுப் பிள்ளையும் அப்படியே ஆயிடும்" என்றார். மண்டபமே ஒருகணம் அடங்கிப் போயிற்று. நான் எழுந்து, "ஐயா, அவற்றுள் எதையாவது தாங்கள் படித்ததுண்டா?" என்று கேட்டேன். "சாக்கடைன்னு தெரிஞ்சுக்க அதைக் குடிச்சுப் பார்க்கணுமா, டீச்சர்?" என்றார். கைதட்டல் எழுந்தது. நான் அமர்ந்துவிட்டேன்.

அன்று வாய்க்கு வராத விடையை இன்று எழுதுகிறேன். குடிக்க வேண்டியதில்லை, ஐயா. ஆனால் ஓடுவது சாக்கடையா, வாய்க்காலா என்று அறியக் கிட்டச் சென்று நிற்கவாவது வேண்டும். தாங்கள் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை.

அந்தக் கைதட்டலின் பயன் என் வீட்டு வாசலுக்கே வந்தது. இரு நாள் கழித்து ஒரு தாயார், துணிக்கடைப் பையொன்றை இடுக்கிக்கொண்டு வந்தார். அவருடைய மகள் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் பயின்றவள். இப்போது படிவம் நான்கு. நூலக அடுக்கில் இருந்த கதைநூல்களை எல்லாம் முடித்துவிட்டு, "வேற இல்லையா, டீச்சர்?" என்று கேட்டு நின்றவள். கையில் கிடைக்கும் பொட்டலத் தாளையும் விடாமல் படிப்பாள். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பிய தந்தை, அவளது அறையில் ஒரு படக்கதைத் தொகுதியைக் கண்டெடுத்திருக்கிறார். அட்டையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் இடத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார். மீதமிருந்த இரண்டு தொகுதிகளைத் தாயார் அரிசித் தோம்பில் ஒளித்து வைத்து, என்னிடம் கொண்டுவந்தார்.

"நீங்கதான் டீச்சர், படி படின்னு பழக்கிவிட்டீங்க. இப்ப இதுல என்ன இருக்குன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. புள்ள மூணு நாளா எங்ககிட்ட பேசல."

அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான் படித்தேன். அந்த இரண்டை மட்டுமல்ல. மீதியையும் இணையக் கடைவழி வரவழைத்து எட்டுத் தொகுதிகளையும் படித்தேன். (பணப்பைக்கு நல்ல பாடம். தீபாவளிச் சேலைக்கு ஒதுக்கியது போயிற்று.)

நூலின் பெயர் 'யகாத்தே கிமி நி நாரு'. ஆங்கிலத்தில் 'புளூம் இன்டு யூ'. எழுதி வரைந்தவர் நகத்தானி நியோ. 2015 முதல் 2019 வரை ஜப்பானிய மாத இதழொன்றில் தொடராக வந்தது. 2018இல் அசைவூட்டத் தொடராகவும் வெளிவந்தது.

கொய்தோ யூ என்பவள் உயர்நிலைப் பள்ளி முதலாண்டு மாணவி. காதல் பாட்டும் காதல் கதையும் அவளுக்கு விருப்பம். ஆனால் உடன் பயின்ற ஒரு பையன் உண்மையாகவே காதலைச் சொல்லும்போது அவளுள் எதுவும் அசையவில்லை. எல்லார்க்கும் வருவது எனக்கு ஏன் வரவில்லை என்று மருகுகிறாள். அந்நேரத்தில் மாணவர் மன்றத்தில் இருக்கும் நனாமி தோக்கோ என்னும் மூத்த மாணவியைக் காண்கிறாள். தோக்கோ எல்லாவற்றிலும் முதல். பேச்சு, படிப்பு, நடை, அழகு யாவும் குறையற்றவை. அவள் யூவை விரும்புவதாகச் சொல்கிறாள். அதோடு ஒரு நிபந்தனையும் விதிக்கிறாள்: நீ என்னைத் திரும்ப நேசிக்கக் கூடாது!

ஏன் அப்படி? தோக்கோவின் தமக்கை, அதே பள்ளியில் மாணவர் மன்றத் தலைவியாக விளங்கியவள், விபத்தொன்றில் மாண்டுவிட்டாள். இனி அக்காவைப் போல் நீ இருக்க வேண்டும் என்று சுற்றத்தார் சொன்ன ஆறுதல் மொழி, அச்சிறுமியின் தலையில் பாறையாய் இறங்கிற்று. அன்று முதல் அவள் தன் வாழ்வை வாழாமல் தமக்கையின் வாழ்வை நடித்து வருகிறாள். தன்னை அவள் வெறுக்கிறாள். தான் வெறுக்கும் ஒருத்தியை வேறொருவர் நேசித்தால் அதை ஏற்க அவளால் இயலவில்லை.

பெற்றோர்களே, இக்கதையின் கரு உங்களுக்கு எங்கோ கேட்டதுபோல் இல்லையா? "அண்ணனைப் பார், அக்காவைப் பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று நாம் நாள்தோறும் ஓதுவதன் விளைவு இது. என் இருபதாண்டு அனுபவத்தில் தோக்கோக்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். முதல் மதிப்பெண், முதல் பரிசு, மேடையில் பிழையற்ற பேச்சு. கழிப்பறையில் தனியே அழுகை. பண்பாட்டு விழாவுக்காக மாணவர்கள் அரங்கேற்றும் நாடகத்தில் நினைவிழந்த ஒருத்தி, பிறர் சொல்லும் மூன்று விதமான 'தன்'னுள் எதைத் தேர்வது என்று தவிக்கிறாள். அந்நாடகத்தின் முடிவை மாற்றி எழுதச் சொல்லிப் போராடுகிறாள் யூ. பழைய நினைவில் எதையும் தேராமல், இப்போது இருக்கும் தன்னையே அவள் ஏற்கட்டும் என்கிறாள். படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குறையே இல்லையா? உண்டு. தொடக்கத்திலேயே ரயில் கடவையருகில் தோக்கோ, யூவைக் கேளாமல் முத்தமிடுகிறாள். அதை நான் ஏற்கமாட்டேன். நலக்கல்விப் பாடத்தில் 'உன் உடல் உன்னுடையது' என்று கற்பிப்பவள் நான். யூவின் திகைப்பைக் கதை மறைக்காமல் காட்டுகிறது என்பது மட்டுமே சிறு ஆறுதல். கடைசித் தொகுதியில் இருவரும் இணையும் காட்சி ஒன்றுண்டு. அடக்கமாகத்தான் வரையப்பட்டுள்ளது. எனினும் தொடக்கப்பள்ளிப் பிள்ளை கையில் இந்நூலைத் தரமாட்டேன். பதினாறு, பதினேழு அகவையில் படிக்கத்தக்கது என்பது என் கணிப்பு. அந்தப் பெண் அந்த அகவையில்தான் படித்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டுத் தொகுதியும் படித்த பின்னரும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் வழக்கம்போல் இரவு தோசைதான், அவருக்கு வழக்கம்போல் சட்னியில் உப்புக் குறைதான்.

இவ்வகைக் கதைகளை ஜப்பானில் 'யூரி' என்பர். லில்லி மலர் என்று பொருள். இது நேற்று முளைத்த குப்பை என்றார் அப்பேச்சாளர். இல்லை. இதன் வேர் பெண்கள் பள்ளிகளில் உள்ளது, நூறாண்டுக்கும் மேற்பட்டது. யோஷியா நொபுகோ என்னும் எழுத்தாளர் 1916 முதல் 1924 வரை சிறுமியர் இதழில் 'ஹனா மொனொகத்தாரி' என்னும் மலர்க் கதைகளை எழுதினார். பள்ளி மாணவியரிடையே அரும்பும் ஆழ்ந்த அன்பே அவற்றின் பொருள். அவர் 1923இல் மொன்மா சியோ என்பவரைச் சந்தித்தார். சியோ யார் தெரியுமா? பெண்கள் பள்ளியின் கணித ஆசிரியை! இருவரும் ஏறத்தாழ ஐம்பதாண்டு இணைந்து வாழ்ந்தனர். மணம்புரியச் சட்டம் இடந்தராமையால், 1957இல் நொபுகோ சியோவை முறைப்படி மகளாகத் தத்தெடுத்துக்கொண்டார். சட்டம் அறிந்த உறவுகளுள் ஒன்றினுள் நுழைந்துதான் அவர்கள் தங்கள் உறவைக் காத்துக்கொள்ள முடிந்தது. நொபுகோ 1973இல் மறைந்தார்.

அதற்கும் முன், 1911இல் நடந்த ஒரு துயரத்தை ஆசிரியர்கள் அறிய வேண்டும். தோக்கியோவில் பெண்கள் பள்ளியொன்றில் பயின்று தேர்ந்த இரு தோழியர், நீகாத்தா கடலில் ஒன்றாக மூழ்கி மாண்டனர். நாளேடுகள் அலறின. கல்வியாளர்கள் கூடிப் பேசினர். என்ன பேசினர்? அப்பெண்கள் ஏன் சாக நேர்ந்தது என்பதை விட, மாணவியரின் நட்பு எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதையே மிகுதியாகப் பேசினர்.

நூறாண்டு கழித்து நம் நாட்டில் என்ன நடந்தது? 2012இல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நடத்தப்பட்ட கருத்தரங்குகளில் ஓர் 'அறிகுறிப் பட்டியல்' உலவியது. பெண்ணை விரும்பும் பெண்ணை எப்படி அடையாளம் காண்பதாம்? பெண்களோடு சேர்ந்து சுற்றுவாள், பெண்களோடு உண்பாள், பெண்களோடு உறங்குவாள்! கல்வி அமைச்சு அப்படியொரு வழிகாட்டியைத் தான் வெளியிடவில்லை என்று பின்னர் மறுத்தது. ஆனால் பட்டியல் நாடெங்கும் பரவிவிட்டது. 2018 பிப்ரவரியில் 'சினார் ஹரியான்' நாளேடு இன்னொரு பட்டியலை அச்சிட்டது. கட்டியணைப்பார்களாம், கைகோத்து நடப்பார்களாம், ஆண்களை இகழ்வார்களாம். என் பாட்டி முதல் என் தங்கை வரை எங்கள் குடும்பத்துப் பெண்கள் அனைவரும் தேறிவிடுவர். பால்மரக் காட்டில் என் பாட்டி தன் தோழியோடு கைகோத்தே வேலைக்குப் போனவர். ஆண்களை இகழ்வதிலோ அவரை வெல்ல அந்தத் தோட்டத்திலேயே ஆளில்லை!

நகைப்புக்குரியதுதான். ஆனால் இப்பட்டியல்கள் யார் மேல் பாய்கின்றன என்பதை நான் கண்டிருக்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருவர் தங்கியிருந்தனர். ஒன்றாகப் படிப்பர், ஒன்றாக உண்பர். அவர்களுக்குள் இருந்தது நட்பா, காதலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கில்லை. யாரோ புகார் எழுதினர். விசாரணை நடந்தது. இருவரையும் வெவ்வேறு மாடிக்கு மாற்றினர். ஒருத்தி அடுத்த பருவத்துக்குத் திரும்பவில்லை. மிகச் சிறந்த கையெழுத்துக்காரி. கரும்பலகையில் அவள் எழுதினால் அழிக்க மனம் வராது. இன்று எங்கோ ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு அகரம் எழுதிக் காட்டியிருக்க வேண்டியவள். விசாரணையின்போது என்னையும் அழைத்துக் கேட்டனர். "எனக்குத் தெரியாது" என்றேன். அது பொய்யன்று. ஆனால் "அவர்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை" என்றும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாட்டின் சட்டம் எது, சமயங்கள் என்ன சொல்கின்றன என்பதை நான் அறியாதவள் அல்லேன். நான் அரசு ஊழியர். சட்டத்தோடு வழக்காட இங்கு வரவில்லை. ஆனால் 'படித்தால் தொற்றிக்கொள்ளும்' என்பது சட்டமும் அன்று, சமயமும் அன்று, வெறும் அறியாமை. 1990இலேயே உலகச் சுகாதார நிறுவனம் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயே இல்லாததற்குத் தொற்று எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், குடும்பத்தார் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குச் சென்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரினர். வழக்கை விசாரித்தவர் நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ். அவர் செய்த ஒரு செயல் எனக்கு வியப்பளித்தது. இப்பொருள் பற்றித் தமக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவரிடம் தாமே சென்று அமர்ந்து கேட்டறிந்தார். அதன் பின்னரே 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். இத்தகையோரை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதைத் தடைசெய்தார். பள்ளிகளிலும் ஆசிரியரிடையிலும் பெற்றோரிடையிலும் விழிப்புணர்வு வேண்டும் என்றார். உயர்நீதிமன்ற நீதியரசரே தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ள அமர்ந்தார். நம் பேச்சாளருக்கு ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை!

இனி மறுபக்கத்தாரிடமும் ஒரு சொல். 'யூரி' என்ற பெயர் தாங்கியவை எல்லாம் நல்ல நூல்கள் என்று இணையத்தில் கூவும் இளையோர் உளர். அதுவும் படியாமல் சொல்வதே. சபுரோத்தா என்பவர் வரைந்த 'சிட்ரஸ்' (2012 - 2018) பெரும் விற்பனை கண்டது. பெற்றோரின் மறுமணத்தால் ஒரே வீட்டுக்கு வந்த இரு பெண்களின் கதை அது. அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒருத்தி மற்றவளை வலிந்து பிடித்து முத்தமிடுகிறாள். அதிர்ச்சியை விற்பதே அங்கு நோக்கம். முதல் தொகுதியோடு மூடி வைத்தேன். பெண்களுக்காகவன்றி, பெண்களை வேடிக்கை பார்க்கும் கண்களுக்காக வரையப்பட்ட தொகுதிகளும் இவ்வகையில் உண்டு. அவற்றைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்றால் முதலில் கைதூக்குபவள் நானாகவே இருப்பேன்.

ஆயின் ஷிமுரா தகாக்கோ எழுதிய 'அவோய் ஹானா'வையும் (2004 - 2013) அதே குப்பைத் தொட்டியில் எறிவீர்களா? காமாகுரா நகரில் நடக்கும் கதை. ஃபூமி என்பவள், தன் மனம் பெண்ணை நாடுவதைச் சிறுவயதுத் தோழி அக்கீராவிடம் தட்டுத்தடுமாறிச் சொல்கிறாள். அக்கீராவுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் விலகி ஓடவில்லை. ஒரு தோழி எப்படிச் செவிகொடுக்க வேண்டும் என்பதற்கு எங்கள் நன்னெறிப் பாடத்தில்கூட இத்துணை நல்ல காட்சியை நான் கண்டதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியவர் யார்? படித்தவர்தாமே? பிள்ளைக்கு எது தகும், எது தகாது என்று தரம்பிரிப்பதல்லவா ஆசிரியர் வேலை? நிலாம் வாசிப்பு ஏட்டில், பிள்ளை எழுதியிருக்கும் நூலின் பெயரைக்கூடப் பாராமல் கையொப்பமிடும் நாம், தடை என்றதும் மட்டும் முன்வரிசையில் நிற்கிறோம்.

வலிந்து செய்வதைப் பற்றிப் பேசினேன் அல்லவா? இதே தந்தைமார் இரவுணவு உண்டபடி, மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாய்த் துரத்திப் பாட்டுப்பாடும் கதாநாயகனைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கின்றனர். அந்தப் படத்தட்டை எவரும் புறக்கடையில் வைத்துக் கொளுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறைப்பதாலும் பயனில்லை. 'செய்லர் மூன்' தொடரில் ஹருக்கா, மிச்சிரு என்று இரு பெண்கள். படைத்த தக்கேயுச்சி நவோக்கோ அவர்களைக் காதலர்களாகவே படைத்தார். 2000ஆம் ஆண்டில் வந்த ஆங்கிலக் குரல்மாற்றத்தில் அவர்களை ஒன்றுவிட்ட சகோதரிகளாக்கிவிட்டனர். படம் மட்டும் அப்படியே ஓடியது. கைகோத்து, கண்ணோடு கண் நோக்கும் 'சகோதரிகளை'ப் பார்த்த குழந்தைகளுக்குக் குழப்பம் இரட்டிப்பானதுதான் மிச்சம். (அத்தை மகளா, சித்தி மகளா என்று தெளிவாகச் சொல்லியிருந்தாலாவது நம்மவர்கள் முறை பார்த்திருப்பார்கள்!)

யமகிஷி ரியோகோ 1971இல் வரைந்த 'ஷிரோய் ஹேயா நோ ஃபுத்தாரி' இவ்வகைப் படக்கதைகளுள் மிக முந்தியவற்றுள் ஒன்று. அதில் ஒருத்தி இறந்துபோகிறாள், மற்றவள் தனிமையில் உறைகிறாள். அக்காலத்துக் கதைகள் பலவும் அப்படித்தான் முடிந்தன. சாவு, பிரிவு, இல்லையேல் யாரோ ஒருவனுக்கு வாழ்க்கைப்படுதல். யூவும் தோக்கோவும் கதை முடிவில் உயிரோடிருக்கின்றனர். பல்கலைக்கழகம் போகின்றனர். தங்கள் பழைய நண்பர்களோடு கூடிப் பேசுகின்றனர். ரெங்கத்தில் பதினாறு அகவைப் பெண்ணொருத்தி அதைத் தேடிப்பிடித்துப் படித்திருக்கிறாள். அவள் ஏன் படித்தாள்? கதை பிடித்ததனாலும் இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. அவள் தானே சொல்ல விரும்பும் நாளில் செவிகொடுக்க ஒருவர் வேண்டும். தன் புத்தகம் எரிந்ததைப் பார்த்த பிள்ளை யாரிடம் போய் வாய் திறக்கும்?

அத்தாயாருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆதலால் சனிக்கிழமைகளில் காலைச் சந்தை முடித்து என் வீட்டுக்கு வருகிறார். சமையலறை மேசையில் தொகுதியை விரித்து, கட்டம் கட்டமாக விரல் வைத்து, தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார். முத்தக் காட்சி வந்தபோது, "ஐயோ, பக்கத்தைத் தள்ளுங்க டீச்சர்" என்றார். தள்ளினேன். சென்ற வாரம் தோக்கோவின் தமக்கை மாண்ட செய்தி வரும் இடம். நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளையோட அம்மா அப்பா எங்க டீச்சர்? பிள்ளை இப்படி நடிச்சுக்கிட்டே இருக்கறது அவங்களுக்குத் தெரியாதா?"

"வருவாங்கம்மா. பின்னாடி வருவாங்க" என்றேன்.

இன்னும் ஐந்து தொகுதிகள் உள்ளன. எரிந்துபோன முதல் தொகுதிக்குப் பதிலாக நான் வாங்கியதை, அவர் திரும்பும்போது அதே துணிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தேன். மகளிடம் கொடுத்தாரா, மீண்டும் அரிசித் தோம்பில் வைத்தாரா என்பது இந்தச் சனிக்கிழமைதான் தெரியும்.